பாறை நிறுத்தம்

ஜனவரி 11

சித்தப்பாவுக்கு,

முப்பத்தெட்டு வருடங்களுக்கு முன்பு எங்கள் தெருவில் அறுபது வீடுகளை இடித்தது நீங்கள்.

நலம் விசாரிப்பதை இரண்டாவதாக வைத்ததற்காக வருத்தப்படவில்லை, இதோ விசாரிக்கிறேன். அம்மாவுக்கு இந்தக் குளிரில் மூச்சிரைப்பு கொஞ்சம் கூடுதல். எனக்கு ஒன்றுமில்லை. உங்கள் சர்க்கரை, சித்தியின் முதுகுவலி, தம்பி, எல்லாம் எப்படி என்று எழுதுங்கள். போனில் கேட்டிருப்பேன். மூன்று முறை அழைத்தேன். மூன்று முறையும் சித்தி எடுத்து நீங்கள் தூங்குவதாகச் சொன்னார். பகல் பதினொரு மணிக்குத் தூங்குகிறவருக்குக் கடிதம்தான் சரி.

நான் வேலை பார்க்கும் ஜெராக்ஸ் கடை நகரத் திட்ட அலுவலகத்துக்கு எதிரே இருப்பது உங்களுக்குத் தெரியும். போன வாரம் பியூன் ஒருவர் பழைய வரைபடத்தைச் சுருட்டிக் கொண்டுவந்து எட்டுப் பிரதி கேட்டார். பெருஞ்சாலையின் முதல் வரைபடம். ரயில் நிலையத்திலிருந்து ஆற்றுப் பாலம் வரை பதினோரு கிலோமீட்டர், ஏழு தாள். ஐந்தாவது தாளில் எங்கள் தெரு. நான்கு தாள் நூல் பிடித்ததுபோல வந்த கோடு, அங்கே மட்டும் மில் முதலாளியின் தோட்டத்தைத் தொடாமல் எங்கள் பக்கம் வளைகிறது. தோட்டத்தின் மேல் முக்கோணம் முக்கோணமாகக் கீறல். நடுவில் 'பாறை' என்று எழுதியிருக்கிறது.

அந்த 'ற' உங்களுடையது. அதன் காலைக் கீழே இழுத்துத் தூண்டில் முள்போல மேலே சுண்டிவிடுவீர்கள். உங்கள் கடிதம் வரும்போதெல்லாம் அப்பா சொல்வார்: "எழுத்துலயே மீன் புடிக்கிறான் பாரு என் தம்பி."

இப்போது சாலையை மறுபடியும் அகலப்படுத்துகிறார்கள். மற்ற இடங்களில் இரண்டு பக்கமும் பதினைந்தடி. எங்கள் இடத்தில் மட்டும், எதிர்ப்பக்கம் பாறை என்பதால், முப்பதடியும் எங்கள் பக்கம். அன்று மிஞ்சிய நாற்பது வீடும் போகும். எங்களுடையதும்தான். ஜூன் 3 அன்று ஆட்சேபணை விசாரணை.

கேள்வி ஒன்றுதான். அங்கே பாறை இருந்ததா?

உங்கள் அண்ணன் மகள்


ஜனவரி 30

சின்னக்குட்டிக்குச் சித்தப்பா எழுதுவது.

உன் கடிதம் வந்தது. கோபத்தோடு எழுதினாலும் விசாரித்து எழுதியிருக்கிறாய், சந்தோஷம். எனக்குச் சர்க்கரை கட்டுக்குள் இருக்கிறது. காலையில் நாலு கிலோமீட்டர் நடக்கிறேன். சித்திக்கு முதுகுவலி போய் முழங்கால் வலி வந்திருக்கிறது. உன் தம்பிக்கு இங்கே நெடுஞ்சாலைத் துறையில் வேலை; ஆகஸ்டில் நிரந்தரமாகும் என்கிறார்கள். அண்ணியைக் குளிர்ந்த தண்ணீரில் கை வைக்க வேண்டாம் என்று சொல்.

ஒரு சாலை எப்படி உண்டாகிறது என்று உனக்குத் தெரியாது. அதில் உன் தப்பு ஒன்றுமில்லை. இன்று நீ பஸ்ஸில் போகிற அந்தச் சாலை முதலில் மாட்டுவண்டித் தடம். மில்லுக்குப் பஞ்சுப் பொதி போன வழி. பக்கத்திலேயே ஒரு சாக்கடைக் கால்வாய் ஓடியது. ஒரு மழைக்காலத்தில் அது பொங்கி ரயில் நிலையத்துக்குள் போனபிறகுதான் மேலே இருப்பவர்களுக்கு அப்படி ஒரு பகுதி இருப்பதே தெரிந்தது. கால்வாயைத் தூர்த்தார்கள். தலைமைப் பொறியாளர் வரைபடத்தில் நிலையத்துக் கடிகாரக் கோபுரத்தின்மேல் ஸ்கேலின் ஒரு முனையை வைத்தார், பாலத்தின் முதல் தூணில் மறுமுனையை வைத்தார், ஒரு கோடு போட்டார். "இதுதாம்பா ரோடு. நடுவுல என்ன இருக்குன்னு அப்புறம் பாத்துக்கலாம்" என்றார். நான் பக்கத்தில் நின்றேன்.

முதல் வருடம் சந்தை. முந்நூறு கடை. இரண்டாம் வருடம் நீதிமன்றத்து மதிலைப் பத்தடி உள்ளே தள்ளிக் கட்டினார்கள். மூன்றாம், நான்காம் வருடங்கள் மரக்கிடங்குகள். ஐந்தாம் வருடம்தான் நம் பகுதி. சாலை திறந்த அன்று விளக்குகள் எல்லாம் ஒரே நேரத்தில் எரிந்தபோது பாலத்தில் நின்றவர்கள் கைதட்டினார்கள். இவ்வளவு பெரிய காரியத்தில் நான் கடைக்கோடி டிரேசர். அளந்தவன் ஒருவன், கணக்குப் போட்டவன் ஒருவன், கையெழுத்திட்டவன் ஒருவன். நான் தாள்மேல் தாள் வைத்து இழுத்தவன்.

உடம்பைப் பார்த்துக்கொள்.

சித்தப்பா


பிப்ரவரி 10

சித்தப்பாவுக்கு,

அம்மா தேறியிருக்கிறாள். சித்திக்கு முழங்கால் வலி என்று சொன்னதும் "வலி எறங்கிட்டு வருது, இன்னும் கொஞ்ச நாள்ல தரைக்கு வந்துடும்" என்றாள். சிரித்தோம். நீங்களும் சிரித்துக்கொள்ளுங்கள்.

பதினோரு கிலோமீட்டரும் எழுதிவிட்டீர்கள். நான் கேட்ட, எங்கள் தெருவுக்கு எதிரே இருக்கும் அந்த இருநூறு அடியைத் தவிர.

எங்கள் நிறுத்தத்தின் பெயர் 'பாறை' என்பது உங்களுக்கு மறந்திருக்காது. கண்டக்டர் தினமும் "பாறை எறங்கு, பாறை எறங்கு" என்று கத்துகிறார். பள்ளிக்கூடத்தில் எங்களுக்குப் பட்டப்பெயர் 'பாறைக்காரங்க'. இருபத்தாறு வருடமாக அங்கே இருக்கிறேன். ஒரு கூழாங்கல்கூடப் பார்த்ததில்லை. மில் முதலாளியின் தோட்டம் இப்போது கார் விற்கும் கடையும் காலி மனையும். போன வருடம் விளம்பரப் பலகைக்குத் தூண் நிறுத்தக் குழி தோண்டிய கொத்தனார் எங்கள் தெருக்காரர். அவரைக் கேட்டேன். "ஒம்பதடி போனேன் தங்கச்சி. களிமண்ணு. மண்வெட்டிய விட்டா திரும்பி வரமாட்டேங்குது" என்றார்.

நேராகவே கேட்கிறேன். மில் முதலாளி உங்களுக்கு என்ன கொடுத்தார்?

என்னைச் சின்னக்குட்டி என்று அழைக்க வேண்டாம்.

அண்ணன் மகள்


மார்ச் 24

அன்புள்ள மகளுக்கு,

இங்கு அனைவரும் சுகம். அங்கும் அவ்வாறே இருக்கும் என்று நம்புகிறேன். கை நடுங்குவதால் தம்பியைக் கொண்டு கம்ப்யூட்டரில் அடித்து அனுப்புகிறேன்.

மில் முதலாளி எனக்கு ஒரு டீகூட வாங்கிக் கொடுத்ததில்லை. அவருக்கு என்னைத் தெரியாது. அவருடைய கார் டிரைவருக்கே என்னைத் தெரியாது. முப்பத்தாறு வருடம் வேலை பார்த்தேன். என்மேல் ஒரு மெமோ கிடையாது. அண்ணன் இருந்திருந்தால் இந்தக் கேள்வியை நீ கேட்டிருக்க மாட்டாய்.

இந்த விஷயத்தை இத்துடன் விட்டுவிடு. அரசாங்கத்தோடு மோதி ஜெயித்தவர்கள் இல்லை. மாற்று வீடு கொடுப்பார்கள். வாங்கிக்கொள்ளுங்கள்.

அண்ணியின் உடல்நிலை குறித்து எழுதவும்.

சித்தப்பா


ஏப்ரல் 2

சித்தப்பாவுக்கு,

அம்மாவின் உடல்நிலை குறித்து: நன்றாக இருக்கிறாள், கண்ணும் நன்றாகத் தெரிகிறது. உங்கள் கடிதத்தை வாங்கிப் பார்த்துவிட்டு, "கை நடுங்குறவன் கையெழுத்தயாவது கோணலா போட்டிருப்பானே. அதையும் மிஷின்லயா அடிப்பான்?" என்றாள். உங்கள் எழுத்தை வைத்து உங்களைக் கண்டுபிடித்தேன் என்று நான் எழுதிய பிறகுதான் உங்கள் கைக்கு நடுக்கம் வந்திருக்கிறது. ஆறு வாரம் யோசித்ததற்கு இன்னும் நல்ல காரணம் கிடைத்திருக்கலாம்.

மாற்று வீடு என்று ஒரு வார்த்தையில் எழுதிவிட்டீர்கள். பாலத்துக்கு அப்பால், பதினான்கு கிலோமீட்டர், நாலாவது மாடி. மூச்சிரைக்கும் உங்கள் அண்ணியை நாலு மாடி ஏற்றிவிட நீங்கள் வருவீர்களா?

அலுவலகத்துக்குப் போனேன். கொத்தனார் சொன்னதைச் சொன்னேன். அதிகாரி நல்லவர், உட்காரச் சொன்னார். "வரைபடத்துல பாறை இருக்கும்மா" என்றார்.

"தரையில இல்ல சார்."

"இல்லன்னு எப்படி எழுதுறது? தோண்டிப் பாக்கணும். தோண்டணும்னா டெண்டர் விடணும். பாறை இல்லாத எடத்துல பாறை இருக்கான்னு பாக்க டெண்டர் விட்டா என்னைத்தான் தோண்டுவாங்க."

பிறகு அவரே ஒரு வழி சொன்னார். பழைய வரைபடம் தவறு என்று அதில் கையெழுத்திட்ட பொறியாளரோ, வரைந்தவரோ எழுதிக் கொடுத்தால் கோட்டை மறுபரிசீலனை செய்ய விதி இருக்கிறதாம். பொறியாளர் செத்து இருபது வருடம். வரைந்தவர் தினமும் நாலு கிலோமீட்டர் நடக்கிறார்.

எழுதிக் கொடுங்கள்.

அண்ணன் மகள்


ஏப்ரல் 19

சின்னக்குட்டி,

எனக்கு வேறு பெயர் சொல்லி உன்னைக் கூப்பிட வரவில்லை.

கை நடுங்கவில்லை. தம்பிக்கும் இது தெரியாது. அந்தக் கடிதத்தை நானே ஒரு கடையில் கொடுத்து அடித்தேன். உனக்கும் எனக்கும் ஒரே மாதிரிக் கடைதான் கைகொடுக்கிறது.

கோடைக்காலம். மற்றச் சாலைகளையும் சேர்த்து ஒரு நாளைக்கு மூன்று தாள் முடிக்க வேண்டும் என்று உத்தரவு. தற்காலிக டிரேசர்கள் ஆறு பேர். இரண்டு பேரைத்தான் நிரந்தரமாக்குவார்கள் என்று எல்லோருக்கும் தெரியும். அளவெடுப்பவர்கள் களத்தில் எழுதும் புத்தகத்தைப் பார்த்து நாங்கள் வரைய வேண்டும். அதில் எல்லைக்கல்லை 'எ.க.' என்று சுருக்கி எழுதுவது வழக்கம். ஐந்தாம் தாளின் பகுதியை அளந்தவர் புது ஆள். முதலாளியின் தோட்டத்துக்குள் நான்கு இடத்தில் வெறுமனே 'கல்' என்று எழுதியிருந்தார். நான் கல் என்றால் கல் என்று நினைத்தேன். வரைபடத்தில் கல் என்று எழுத மாட்டார்கள், பாறை என்றுதான் எழுதுவார்கள். நான்கையும் ஒரு கோட்டால் வளைத்துச் சேர்த்து உள்ளே கீறல் போட்டேன். கால் மணி நேரம்கூட ஆகியிருக்காது. வெடி வைத்து உடைக்கச் செலவாகும் என்று பொறியாளர் கோட்டை வளைத்துவிட்டார்.

அந்தத் தெருக்காரன்தானே, பாறை இல்லை என்று தெரியாதா என்று கேட்பாய். பன்னிரண்டடி மதில், மேலே கண்ணாடித் துண்டு. மதிலுக்கு அந்தப் பக்கம் பாறை இருக்கிறதா பனிமலை இருக்கிறதா என்று நம்மில் யார் பார்த்தோம்?

அடுத்த வருடம் குறி போடும் ஆட்களோடு என்னை அனுப்பினார்கள். முதல்முறையாக அந்தத் தோட்டத்துக்குள் போனேன். புல்தரை. ரோஜாச் செடிகள். முழங்கால் உயரத்துக்கு நான்கு எல்லைக்கற்கள், நம்பர் வெட்டியது. அங்கேயே உட்கார்ந்துவிட்டேன். வெயில் என்று நினைத்துத் தண்ணீர் கொடுத்தார்கள். மறுநாள் நம் வீட்டுக் கதவில் சிவப்பு மையால் நானே எண் போட்டேன்.

அன்று மாலை அண்ணனிடம் சொன்னேன். கடை வாசலில் டியூபுக்கு ஒட்டுப் போட்டுக்கொண்டிருந்தார். தலை நிமிரவில்லை. "வேற யாருக்காவது தெரியுமா?" என்றார். இல்லை என்றேன். "சொன்னா என்ன ஆவும்?" "வேலை போயிடும்." "அப்ப எனக்கும் தெரியாது. போய் வேலையப் பாரு." அவ்வளவுதான். வீட்டோடு அவருடைய சைக்கிள் கடையும் சேர்ந்து போனது, தெருவில் மிஞ்சிய ஒரு வீட்டுக்கு அவர் குடிபோனது எல்லாம் உனக்குத் தெரியும். அதற்குப் பிறகு சாகும் வரை அவர் இதைப் பற்றி என்னிடம் ஒரு வார்த்தை பேசியதில்லை.

நான் யாரிடமும் ஒன்றும் வாங்கவில்லை. அதை நீ நம்ப வேண்டும்.

என்மேல் கொஞ்சமாவது மரியாதை இருந்தால் படித்ததும் இதைக் கிழித்துவிடு. உடம்பைக் கவனித்துக்கொள்.

சித்தப்பா


ஏப்ரல் 29

சித்தப்பாவுக்கு,

அம்மாவும் நானும் உயிரோடு இருக்கிறோம். அதற்குமேல் எழுதத் தெரியவில்லை.

நீங்கள் ஒன்றும் வாங்கவில்லை என்பதை நம்புகிறேன். வாங்கியிருந்தால் உங்களைத் திட்டுவது எனக்குச் சுலபமாக இருந்திருக்கும். அறுபது குடும்பம் ஒரு வார்த்தையில் போயிற்று, அதையும் நீங்கள் சரியாகப் படிக்கவில்லை.

அப்பா விஷயத்தை அம்மாவிடம் கேட்டேன். அரிசியில் கல் பொறுக்கிக்கொண்டிருந்தாள், நிறுத்தவில்லை. "தெரியும்டி. இடிச்ச அன்னிக்குத் தெருவே அழுதுச்சு, உங்கப்பா மட்டும் ஓட்ட எண்ணி எண்ணி எறக்கிட்டு இருந்தாரு. அப்புறம் டீக்கடையில எவனாவது 'இந்த ரோட்ட வளைச்சவன் வெளங்குவானா'ன்னு ஆரம்பிச்சா, பாதி கிளாஸ வெச்சிட்டு எழுந்து வந்துடுவாரு. கடைசில டீ குடிக்கவே போறதில்ல" என்றாள். தன்னுடைய கடை போன பிறகு இருபத்தைந்து வருடம் இன்னொருவன் கடையில் பஞ்சர் ஒட்டினாரே, அதற்கு நான் இதுவரை அரசாங்கத்தைத்தான் திட்டிக்கொண்டிருந்தேன்.

தன் வீட்டையும் தன் கடையையும் உங்களுக்குக் கொடுக்க அப்பாவுக்கு உரிமை உண்டு. மற்ற ஐம்பத்தொன்பது வீட்டைக் கொடுக்க அவருக்கு உரிமை இல்லை. அவர் செத்துவிட்டார், அவரிடம் கேட்க முடியாது. நீங்கள் இருக்கிறீர்கள்.

கடிதத்தைக் கிழித்துவிட்டேன். நீங்கள் கேட்டதைச் செய்தேன். கிழிப்பதற்கு முன் நாற்பத்தொரு பிரதி எடுத்தேன். வீட்டுக்கு ஒன்று, அலுவலகத்துக்கு ஒன்று.

அண்ணன் மகள்


மே 17

சித்தப்பாவுக்கு,

பதினெட்டு நாளாகப் பதில் இல்லை. சுகமாக இருப்பீர்கள் என்றே வைத்துக்கொள்கிறேன். அம்மா இருமுகிறாள்.

பிரதியை அதிகாரியிடம் கொடுத்தேன். முழுவதும் படித்தார். 'ரோஜாச் செடிகள்' என்ற இடத்தில் கொஞ்சம் நின்றார். பிறகு, "ஒரிஜினல் எங்கம்மா?" என்றார்.

"கிழிச்சிட்டேன் சார்."

கண்ணாடியைக் கழற்றி என்னைப் பார்த்தார். "ஜெராக்ஸ் கடையில வேலை பாக்குறவதான நீ? ஜெராக்ஸ் செல்லாதுன்னு தெரியாது?"

தெரியாது. ஆறு வருடமாக ஒரு நாளைக்கு ஆயிரம் தாள் எடுக்கிறேன். யாரும் செல்லாது என்று திருப்பிக் கொண்டுவந்ததில்லை. அவர்கள் எல்லோரும் எதிரே போய் முதலில் ஒரிஜினலைக் காட்டிவிட்டுத்தான் பிரதியைக் கொடுக்கிறார்கள் என்பது கவுண்டருக்கு இந்தப் பக்கம் நிற்கிறவளுக்குத் தெரியவில்லை. நான் எடுத்த பிரதியில் உங்கள் 'ற' அச்சு அசலாக விழுந்திருந்தது. அது போதும் என்று நினைத்துவிட்டேன்.

தெருவில் இன்னும் சொல்லவில்லை. நாற்பது வீட்டிலும் அந்தக் கடிதத்தை மடித்துப் பத்திரமாக வைத்திருக்கிறார்கள். இடித்தவர் யார் என்று தெரிந்தும் யாரும் உங்களைத் திட்டவில்லை. எதிர்வீட்டுத் தையல்காரர் மட்டும், "ஒப்புக்கிட்டாரே, பெரிய மனுஷன்" என்றார்.

என் முட்டாள்தனத்துக்கு நான் பொறுப்பு. இப்போது உங்களுடையதற்கு வாருங்கள். அதே கடிதத்தைத் திரும்ப எழுதுங்கள். முழுவதும் வேண்டாம். அப்பாவை விட்டுவிடுங்கள். 'ஐந்தாம் தாளில் நான் பாறை என்று எழுதியது தவறு' என்று எழுதிக் கையெழுத்துப் போடுங்கள். ஜூன் 3க்குள்.

அண்ணன் மகள்


மே 29

அன்புள்ள மகளுக்கு,

இங்கு அனைவரும் சுகம். சித்திக்கு முழங்கால் தேவலை. வெயில் கடுமையாக உள்ளது. தம்பியின் வேலை விஷயமாக மேலிடத்தில் ஆவணங்கள் பார்க்கிறார்கள், ஆகையால் கடிதப் போக்குவரத்தைக் குறைத்துக்கொள்வது நல்லது. அண்ணிக்கு இருமல் இருந்தால் நல்ல மருத்துவரிடம் காட்டவும்.

புது வீட்டு விலாசம் தெரிந்ததும் எழுதவும்.

சித்தப்பா


ஜூன் 4

சித்தப்பாவுக்கு,

இந்த முறை யாரையும் விசாரிக்கவில்லை. நீங்கள்தான் விசாரணைக்கு ஐந்து நாள் முன்பே புது விலாசம் கேட்டு எங்களைக் குடிமாற்றிவிட்டீர்களே.

நேற்று விசாரணை நடந்தது. சிறிய அறை, பன்னிரண்டு நாற்காலி, நாங்கள் நாற்பது குடும்பம். எல்லோரும் கையில் பிரதியோடு வந்திருந்தார்கள். அதிகாரி ஒவ்வொருவராக "ஆட்சேபணை என்ன?" என்று கேட்க, ஒவ்வொருவரும் அந்தத் தாளை நீட்டினார்கள். அவர் ஒவ்வொன்றையும் வாங்கிப் பார்த்து "செல்லாது" என்றார். நாற்பது முறை சொன்னார். பதினைந்தாவது முறையில் அவருக்கே தொண்டை கட்டிவிட்டது, பியூனிடம் தண்ணீர் கேட்டார். தையல்காரருடைய முறை வந்தபோது அவர், "சார், இது செல்லாதுன்னா நாங்க குடியிருந்ததும் செல்லாதா?" என்றார். யாரும் சிரிக்கவில்லை.

அம்மா கடைசி. "இது என் கொழுந்தன் எழுத்து. எனக்குத் தெரியும்" என்றாள். "அவர் உயிரோட இருக்காராம்மா?" என்று அதிகாரி கேட்டார். அம்மா என்னைப் பார்த்தாள். "இருக்காரு" என்றேன் நான்.

ஜூன் 25 மாலை ஐந்து மணி வரை பைலைத் திறந்து வைத்திருப்பதாகச் சொன்னார். நீங்கள் நேரில் வர வேண்டாம், கையால் எழுதிய ஒரு தாள் போதும். தவறு நடந்து இவ்வளவு வருடம் ஆகிவிட்டதால் உங்கள் பென்ஷனைத் தொட முடியாதாம். நானே கேட்டுத் தெரிந்துகொண்டேன். தம்பி பிறக்காத காலத்தில் நீங்கள் செய்த பிழைக்கு அவன் வேலை போகாதாம், அதையும் கேட்டேன். இனி என்ன பயம் மிச்சமிருக்கிறது என்று நீங்கள்தான் சொல்ல வேண்டும். அப்பா உங்களிடம் "எனக்குத் தெரியாது" என்றார். இப்போது தம்பியும் அதையே சொல்லட்டும் என்று வளர்க்கிறீர்களா?

இதோடு ஒரு வெள்ளைத் தாளும் எங்கள் விலாசம் எழுதித் தபால்தலை ஒட்டிய உறையும் வைத்திருக்கிறேன். பழைய விலாசம்தான்.

அண்ணன் மகள்


ஜூன் 19

சித்தப்பாவுக்கு,

தபால்காரர் இப்போது எங்கள் வாசலில் சைக்கிளை நிறுத்துவதில்லை. தெருமுனையிலிருந்தே இரண்டு கையையும் விரித்துக் காட்டிவிட்டுத் திரும்பிப் போகிறார். வாசலில் நிற்பது நான் மட்டும் இல்லை, அதனால் அவருக்கும் கூச்சம்.

இது உங்களுக்கு இருபத்தொன்றாம் தேதி கிடைக்கும். அன்றே விரைவுத் தபாலில் போட்டால் இருபத்துமூன்றில் எனக்கு வந்துவிடும். இரண்டு நாள் மிச்சமிருக்கும்.

தவறு என்றுகூட எழுத வேண்டாம். மன்னிப்பு வேண்டாம். எப்படி நடந்தது என்று வேண்டாம். 'அங்கே பாறை இல்லை.' மூன்று சொல். உங்கள் கையால் எழுதி அனுப்புங்கள்.